ரோ, லா

பிப்ரவரி. லூலியோவில்
கடல் சாலையாகிவிட்ட மாதம்.
தீவிலிருந்து பனிமேல் காரோட்டி வந்திருந்தாள்
ராக்னில்ட் ஈசாக்ஸன்,
மேல்மாடியில் மருத்துவரிடம் அல்ல,
கீழ்த்தளத்தில் ரத்தம் சுழற்றும் என்னிடம்.
நாலாய் மடித்த அறிக்கையை
மேசையில் வைத்து நீவினாள்.

ஆன்டி-ரோ: பாசிட்டிவ்.
ஆன்டி-லா: பாசிட்டிவ்.

கண்ணும் வாயும் வறண்டுபோகிற நோய் என்று தொடங்கினேன்.
"அது தெரியும். நான் கேட்பது பெயரை."

எங்கள் பேச்சில் ரோ என்றால் அமைதி.
துடுப்பு வலிப்பதும் அதே ரோ.
லா என்றால் போட்டாயிற்று, கிடத்தியாயிற்று:
வலையை, சீட்டை, தூங்கிய பிள்ளையை.
நான்கு இரவு விழித்துக் கிடந்து
தன் ரத்தத்தை அவள் இப்படி வாசித்திருக்கிறாள்:
அமைதிக்கு எதிரி.
துடுப்புக்கு எதிரி.
போட்ட வலைக்கும் எதிரி.
முப்பத்தொரு வருஷம்
அண்ணன் ஆல்காட் வலை போட, படகு வலித்தவள்.

"அவனைப் புதைத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை.
அண்ணி பார்த்தாள். கோயிலே பார்த்தது.
இரண்டாம் பாட்டில் கைக்குட்டை எடுப்பதுபோல் குனிந்து
சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன்.
கன்னத்தில் வழிந்தது.
எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது."

அதற்கப்புறம்தான் கண் மருத்துவமனையில்
கீழிமையில் காகிதத் துண்டு செருகி
ஐந்து நிமிடம் உட்காரவைத்தார்கள்.
இடக்கண் இரண்டு மில்லிமீட்டர். வலக்கண் மூன்று.
"ஆக அண்ணனுக்கு மொத்தம் அஞ்சு" என்று சிரித்தாள்.
உதடு வெடித்துப் பொட்டாய் ரத்தம்.
பஞ்சு கொடுத்தேன்.

பிறகு சொன்னேன்.
ரோ ஒரு சொல்லே இல்லை. ஓர் ஆள்.
கடலுக்கு அப்பால், நாம் பிறக்கும் காலத்தில்,
ஏதோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த நோயாளி.
அவர் ரத்தத்தில் இதை முதலில் கண்டவர்கள்
வேறு பெயர் தோன்றாமல்
அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தைக் கிள்ளி
குழாயில் ஒட்டிவிட்டார்கள்.
லா இன்னொருவர்.
வேறோர் ஆய்வகம் இவற்றையே ஏ என்றும் பி என்றும் அழைத்தது;
இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய
வருஷங்கள் ஆயின.

"அந்த ஆள் குணமாயிற்றா?"
தெரியாது.
"ஆணா பெண்ணா?"
அதுவும் தெரியாது என்றேன்.
தினமும் நாற்பது முறை நான் அச்சடிக்கும் பெயர்.

அவள் விடவில்லை.
"ஆன்டி என்றால் எதிர். அந்த ஆளுக்கு எதிரா?"
இல்லை, அவருடைய உயிரணுவுக்குள் இருந்த ஒரு புரதத்துக்கு.
உங்களிடமும் உண்டு, என்னிடமும்,
மாடியில் இருக்கும் மருத்துவரிடமும்.
எல்லாரிடமும் சும்மா கிடக்கிறது ரோ.
சிலர் ரத்தம் மட்டும்
அதை அந்நியன் என்று நினைத்துவிடுகிறது.

அறையில் சுழலி நிற்கும் ஓசை.
வெடித்த உதட்டைப் பஞ்சால் ஒற்றியபடி யோசித்தாள்.

"என் ரத்தத்தில் புதுசாய் ஒன்று கண்டுபிடித்தால்?"
இப்போது பெயர் வைக்க விடமாட்டார்கள், பட்டைக்கோடுதான்.
"விட்டால்?"
ஈசாக்ஸன். முதல் இரண்டு எழுத்து. ஈஸ்.

எங்கள் பேச்சில் ஈஸ் என்றால் உறைபனி.

"பனிக்கு எதிரி" என்று சொல்லிப் பார்த்தாள்.
"அது மட்டும் வேண்டாம் தம்பி.
ஏப்ரல் வரைக்கும்
வீட்டுக்குப் போக எனக்கு அது ஒன்றுதான் வழி."

தண்ணீர்ப் புட்டியிலிருந்து ஒரு வாய் குடித்து
அறிக்கையைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு போனாள்.

ஏழு நாள் ஆனால் மாதிரிகளைக் கொட்டிவிட வேண்டும்.
அவளுடையது ஒன்பதாம் நாளும்
குளிர்பெட்டியின் கடைசித் தட்டில் நின்றது,
பதினொரு இலக்கமும் ஒரு பட்டைக்கோடுமாய்.
பேனாவின் மூடியைத் திறந்தேன்.
விதிப்படி அதில் எதுவும் எழுதக்கூடாது.
இரண்டே எழுத்து எழுதிவிட்டு
வாளியில் போட்டேன்.